4100இல் தொடங்கிய ஆடி

ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே சித்தப்பா பரணிலிருந்து அந்த உருளையை இறக்கித் திண்ணையில் வைத்துவிடுவார். ஒரு முழ நீள மர உருளை. அதன் மேல் பித்தளைத் தகடுகளை வெட்டி, படிக்கட்டு போலத் தள்ளித் தள்ளி ஆணியடித்திருக்கும். எதிரே வரிசையாக எட்டுப் பித்தளை நாக்குகள். ஒரு சின்ன மோட்டார் உருளையைச் சுற்றும். எந்தத் தகடு எந்த நாக்கில் உரசுகிறதோ அந்த வரிசை பல்புகள் எரியும், தகடு விலகினால் அணையும். பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குப் போகிற சாலையில் மூங்கில் கட்டி நிறுத்திய அம்மன் உருவத்தின் தலைக்குப் பின்னால் ஒளி சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இந்த உருளையின் வேலைதான்.

எங்கள் ஊர் ஆடியைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லி விளக்குவது கடினம். சனிக்கிழமை சாயங்காலமே செங்குன்றம் பக்கமிருந்து வேனும் டிராக்டரும் வரத் தொடங்கிவிடும். வடசென்னையே எழுந்து வந்ததுபோல இருக்கும். ஆரணி ஆற்று மணலில் புடவையைக் கட்டி நிழல் செய்து, கல் கூட்டி அடுப்பு வைத்து, ராத்திரி அங்கேயே தங்குவார்கள். காலையில் வேப்பிலையை உடம்பெல்லாம் சேலையாகச் சுற்றிக்கொண்டு கோயிலை வலம் வருவார்கள். நசுங்கிய வேப்பிலையின் கசப்பு வாசனை ஆவணி வரைக்கும் தெருவில் நிற்கும். கூம்பு ஸ்பீக்கரில் எல். ஆர். ஈஸ்வரியின் குரல் ஓயாது. அந்த ஸ்பீக்கரும் சித்தப்பாவுடையதுதான். அவர் மைக் செட், சீரியல் செட் இரண்டும் வாடகைக்கு விடுகிறவர்.

நான் சொல்லப்போவது 1997ஆம் வருஷத்து ஆடி. அந்த ஜனவரியில்தான் திருவள்ளூர் தனி மாவட்டமானது. பள்ளி நோட்டின் அட்டையில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதிய வருஷம் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பதின்மூன்று வயது.

அந்த வருஷம் உருளை செத்துப்போனது. ஒவ்வொரு முறை நாக்கு விலகும்போதும் நீலப் பொறி பறக்கும், பித்தளை கரியாகும், சித்தப்பா உப்புத்தாளால் தேய்ப்பார். பன்னிரண்டு ஆடி தேய்த்ததில் தகடு காகிதமாகி, மரமும் கருகிவிட்டிருந்தது. புது உருளை கடையக் கொடுத்தால் கடைசி ஞாயிறுக்குத்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணன் சொன்னான்: “சித்தப்பா, எங்கிட்ட குடுங்க. உருளையே இல்லாம சுத்த வெக்கிறேன்.”

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷம். அவன் படுக்கிற அறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் அந்தப் பச்சை பலகை இருந்தது. ஏதோ ஒரு கல்லூரி ஆய்வகம் கழித்துக்கட்டிய 8085 கிட். ரிச்சி தெருவில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடமிருந்து நானூறு ரூபாய்க்கு வாங்கியிருந்தான். அந்தப் பணத்துக்காகத் திருமண வீடுகளில் சித்தப்பாவோடு போய் மூன்று மாதம் ஒயர் இழுத்தான். வாங்கப் போன அன்று என்னையும் கூட்டிப் போனான். செங்குன்றத்தில் பஸ் மாறி, மவுண்ட் ரோட்டில் இறங்கி அந்தச் சந்துக்குள் நுழைந்தபோது, அரிசிக் கடையில் அரிசி குவித்திருப்பதுபோல ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் குவிந்து கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். எஸ்எல்100 டிரான்சிஸ்டரை அங்கே கைப்பிடியாக அள்ளி எண்ணிக் கொடுத்தார்கள். கிட்டில் இரண்டு பொத்தான்கள் அமுங்கவில்லை. அவற்றை மாற்றினோம். 7805 வைத்து 5 வோல்ட் சப்ளை செய்தோம். உயிர் வந்துவிட்டது.

அந்தச் சில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்டெல் அதை 1976இல் வெளியிட்டது. நாற்பது கால்கள் உள்ள கறுப்புப் பூரான். அதற்கு முந்தைய 8080க்கு மூன்று வகை மின்னழுத்தம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். இதற்கு 5 வோல்ட் ஒன்று போதும். பெயரின் கடைசியில் இருக்கும் ஐந்துக்குக் காரணம் அதுதான். ஒரே சமயத்தில் எட்டு பிட்டை மட்டும் கையில் எடுக்கும். 64 கிலோபைட்டுக்கு மேல் அதற்கு உலகமே கிடையாது. ஆனால் அந்த உலகத்தின் ஒவ்வொரு மூலையையும் ஒரு பையன் நடந்து பார்த்துவிடலாம். பின்னாளில் எத்தனையோ கணினிகளில் வேலை செய்திருக்கிறேன். எதையும் அப்படி முழுவதும் அறிந்துகொண்டதில்லை.

கிட்டில் திரை கிடையாது. ஆறு சிவப்பு எண்கள் மட்டும். இடது பக்கம் நான்கு, அது விலாசம். வலது பக்கம் இரண்டு, அந்த விலாசத்தில் குடியிருக்கும் பைட். எழுத்துப் பலகையும் கிடையாது. 0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை, பதினாறு பொத்தான்கள். கூடவே சில கட்டளைப் பொத்தான்கள். எங்கள் கிட்டில் நாம் எழுதும் நிரல் தொடங்குகிற விலாசம் 4100. தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ அந்தக் காலத்தில் படித்த யாரிடமும் 4100 என்று சொல்லிப் பாருங்கள்; உடனே மைக்ரோபிராசசர் லேப் என்பார்கள்.

அண்ணன் முதலில் நிரலைச் சொற்களில் எழுதினான். எம்விஐ, அவுட், ஆர்எல்சி, ஜேஎன்ஜட். பிறகு ஒரு அட்டையைப் பார்த்து ஒவ்வொரு சொல்லையும் எண்ணாக மாற்றினான். 8085க்கு மொத்தம் 246 ஆணைக்குறிகள். அது எல்லாம் அச்சடித்த ஒரு மஞ்சள் அட்டை. பஞ்சாங்கம்போலச் சுவரில் தொங்கும். மாற்றித் தருகிற மென்பொருளுக்கெல்லாம் கணினி வேண்டும்; கணினி எங்கள் ஊரில் யார் வீட்டிலும் இல்லை. ஆகவே எங்கள் அசெம்பிளர் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும். தாண்டிப் போக வேண்டிய விலாசத்தை எழுதும்போது பின்பாதியை முன்னால் எழுத வேண்டும். 410ஈ என்றால் 0ஈ முதலில், 41 பிறகு. இது எனக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. அண்ணன் முதுகில் தட்டினான்.

திட்டம் எளிது. ஒரு பைட்டில் எட்டு பிட். அம்மன் தலைக்குப் பின்னால் ஒளி சுற்றும் திருவாசியில் எட்டுத் துண்டுகள். பைட்டில் 01 என்று வைத்தால் கடைசி பிட் மட்டும் ஒன்று, அதாவது முதல் துண்டு மட்டும் எரியும். ஆர்எல்சி என்ற ஆணை எட்டு பிட்டையும் ஒரு இடம் இடப்பக்கம் தள்ளும். விளிம்பில் விழுவது மறுபக்கம் வந்து ஏறிக்கொள்ளும். 01, 02, 04, 08 என்று போய் 80ஐத் தொட்டு மறுபடி 01. உருளை சுற்றிய அதே சுற்று. மரத்தில் செய்ததை எண்ணில் செய்கிறோம் என்று புரிந்த அந்தக் கணம், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கும் திண்ணைக்கும் நடந்தேன்.

ஆனால் சில் வினாடிக்கு முப்பது லட்சம் துடிப்புக்கு மேல் போகிற வேகக்காரன். தள்ளுகிற வேகத்தில் விட்டால் எட்டுத் துண்டும் ஒன்றாக எரிவதுபோலத்தான் தெரியும். நடுவே அதை எண்ண வைத்து நேரம் போக்க வேண்டும். அண்ணன் காவோன்கர் எழுதிய 8085 புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தான். அதில் ஒவ்வொரு ஆணைக்கும் எத்தனை துடிப்பு என்று கணக்கு உண்டு. 65,535இலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு முறை குறைத்து, பூஜ்யமா என்று பார்த்து, திரும்பப் புத்தகக் கணக்குப்படி 24 துடிப்பு. பெருக்கினால் 15,72,840. எங்கள் கிட்டின் படிகம் 6.144 மெகாஹெர்ட்ஸ், சில் அதைப் பாதியாக்கி 30,72,000 துடிப்பில் ஓடும். வகுத்தால் 0.512 வினாடி. இந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் எனக்குக் கொடுத்தான் அண்ணன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான் போட்ட விடையும் அவன் போட்ட விடையும் ஒன்றாக இருந்தன. அரை வினாடி என்பது கடிகாரத்தில் இருக்கிற பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதை எண்ணி எண்ணிச் செய்துகொள்ளலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி எண்களை ஏற்றினோம். அண்ணன் படிக்க, நான் அழுத்தினேன். ஓட விட்டோம். முதல் பல்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. நகரவில்லை.

“இன்னாடா, ஒன்னுலயே நிக்குது?” என்றார் சித்தப்பா.

“ஒரு ராத்திரி குடுங்க சித்தப்பா.”

அவர் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டார். பொழுது விடிந்தால் சனிக்கிழமை. விழாக்காரர்களிடம் முன்பணம் வாங்கியிருந்தார்.

புத்தகத்தைத் தரையில் விரித்து வரி வரியாகப் படித்தோம். பன்னிரண்டு மணி வாக்கில் அண்ணன் தலையில் கைவைத்தான். சில்லுக்குள்ளே கொடிகள் உண்டு. ஒரு கணக்கின் விடை பூஜ்யமானால் ஜீரோ ஃப்ளாக் என்ற கொடி ஏறும். அதைப் பார்த்துத்தான் ஜேஎன்ஜட் திரும்புவதா தாண்டுவதா என்று முடிவுசெய்யும். ஆனால் பதினாறு பிட் எண்ணைக் குறைக்கிற டிசிஎக்ஸ் ஆணை எந்தக் கொடியையும் தொடாது. எண் பூஜ்யத்தைத் தொட்டாலும் கொடி ஏறாது. சில் முடிவில்லாமல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. நாம் சொன்னதைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு வழியும் புத்தகத்திலேயே இருந்தது. குறைத்த எண்ணின் ஒரு பாதியை எடுத்து மறுபாதியோடு அல்லது-கணக்குப் போட வேண்டும். இரண்டு பாதியும் பூஜ்யமானால்தான் விடை பூஜ்யம். அப்போது கொடி ஏறும். இரண்டே பைட் கூடுதல்: 7ஏ, பி3.

ஏற்றினோம். ஓட்டினோம். முதல் பல்பு எரிந்து நின்றது, முன்பு போலவே.

அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. புத்தகம் தப்பா, சில் கெட்டுவிட்டதா, எங்களுக்குத்தான் புரியவில்லையா? அண்ணன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். நான் பொத்தானை அழுத்தி விலாசம் விலாசமாக நகர்த்திப் பார்த்தேன். 410எஃப்: 7ஏ. 4110: 63. நோட்டைப் பார்த்தேன். அங்கேயும் 63 என்றுதான் தெரிந்தது. ஏழு கோடுகள் கொண்ட அந்தச் சிவப்பு எண்ணில் பி என்ற ஆங்கில எழுத்தைச் சின்ன வடிவில்தான் காட்ட முடியும். அதற்கும் 6க்கும் மேலே ஒரு கோடுதான் வித்தியாசம். அண்ணனும் அதே பழக்கத்தில் சின்ன எழுத்தாக எழுதியிருக்கிறான். அவசரத்தில் மேலே ஒரு சுழிப்பு. விளக்கு வெளிச்சத்தில் நான் 63 என்று எடுத்து அழுத்தியிருக்கிறேன்.

“அண்ணா, இது ஆறா, பி-யா?”

அவன் எழுந்து வந்து நோட்டைப் பார்த்தான், பிறகு அட்டையைப் பார்த்தான். 63 என்பதும் ஒரு சரியான ஆணைதான். ஒரு பெட்டியில் இருப்பதை இன்னொரு பெட்டிக்கு நகலெடுக்கும். கொடியைத் தொடாது. அதனால்தான் அதே நோய் அப்படியே இருந்தது. பி3 என்று மாற்றி ஓட விட்டோம்.

டக். டக். டக்.

காயலான் கடையில் பொறுக்கிய எட்டு ரிலேக்கள் ஒவ்வொன்றாகத் தட்ட, முற்றத்தில் கயிற்றில் தொங்கிய எட்டு பல்புகளும் வரிசையாக எரிந்தன. சத்தம் கேட்டுச் சித்தப்பா எழுந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். அம்மாவும் வந்தார். யாரும் பேசவில்லை. நான் மட்டும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்: பத்து வினாடியில் இருபதுக்குக் கொஞ்சம் குறைவாகத் தட்டியது. கணக்கு சரியாக இருந்தது.

ஒரு தொல்லை பாக்கி இருந்தது. சில நேரம் ரிலே விடுபடும்போது கிட் தானாகத் தொடக்கத்துக்குப் போய்விடும். அதைத் தீர்த்தது மாமா. அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியன். இரவு ஷிப்ட் முடிந்து, கவரைப்பேட்டை, ஆரணி வழியாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “காயிலுக்குக் குறுக்கே டையோடு எங்கடா?” என்றார். ரிலேச் சுருளில் மின்சாரத்தை அறுக்கும்போது அது எதிர்ப்பக்கமாக ஒரு உதை கொடுக்கும். அந்த உதைக்குத் திரும்பிப் போக வழி வேண்டும். எட்டு 4007 டையோடுகளை அவரே சால்டர் செய்தார். 230 வோல்ட் பக்கத்தை ஒரு தனி மரப்பெட்டிக்குள் அடைத்து, “இதுக்குள்ள எவனும் கை வெக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுத்தான் காபி குடித்தார். ஆலையில் கற்றதை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்து இறக்கிய அவரைப் போன்றவர்கள்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார்கள் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை ராத்திரி அம்மனின் தலைக்குப் பின்னால் ஒளி சுற்றியது. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். உருளை போய்ச் சில் வந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இழுத்துவிட்டார்கள். பல்பெல்லாம் வந்தன, திருவாசி மட்டும் வரவில்லை. கிட்டின் ராம் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் எதையும் வைத்திருக்கும். அந்த நாலைந்து வினாடி இருட்டில் நிரல் முழுவதும் போய்விட்டது.

அண்ணன் அப்போது ஆம்ப்ளிஃபயர் பக்கம் இருந்தான். நோட்டு வீட்டில். நான் கிட்டின் முன்னால் உட்கார்ந்து அழுத்தத் தொடங்கினேன். 3ஈ 80. டி3. அடுத்து போர்ட் எண். 0ஈ 01. 79. மறுபடி டி3, போர்ட் எண். நேற்று ராத்திரி அத்தனை தடவை ஏற்றியதில் அது வாய்ப்பாடுபோல உள்ளே இறங்கியிருந்தது. 07, 4எஃப், 11, எஃப்எஃப், எஃப்எஃப். 1பி, 7ஏ, பி3. சி2 0ஈ 41. சி3 06 41. மொத்தம் 23 பைட். விலாசம் 4100இல் தொடங்கி 4116இல் முடியும். ஓடு என்று அழுத்தினேன். டக் என்றது முதல் ரிலே.

அந்த ஆடி முழுக்க ஞாயிறுதோறும் இரண்டு முறையாவது கரண்ட் போகும். ஒவ்வொரு முறையும் நான் ஓடிப்போய் 23 பைட்டையும் ஏற்றுவேன். முதல் வாரம் இரண்டு நிமிஷம் ஆனது. கடைசி வாரம் நாற்பது வினாடி. இருட்டில், ஜெனரேட்டர் புகையில், சுற்றிலும் மாவிளக்கும் வேப்பிலையுமாக ஜனங்கள் போய்க்கொண்டிருக்க, அந்த இயந்திரம் மறந்ததை நான் அதற்கு நினைவூட்டிக்கொண்டிருந்தேன். அதற்கும் எனக்கும் நடுவில் வேறு யாருமில்லை. ஒவ்வொரு எண்ணும் என்ன செய்யும், எத்தனை துடிப்பு எடுக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

அடுத்த ஆடிக்கு முன் அண்ணன் ரிச்சி தெருவில் 2716 ஈப்ராமில் நிரலை எரித்து வாங்கி வந்தான். நடுவில் கண்ணாடி ஜன்னல் உள்ள சில். புற ஊதா விளக்கின் கீழே கால் மணி நேரம் போல வைத்தால் எல்லாம் அழியும், இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் இருக்கும். வெயில் படாமலிருக்க ஜன்னல் மேல் கறுப்பு நாடா ஒட்டினோம். புது விலாசத்துக்குப் போனதால் தாண்டும் இடங்களை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. அதை நான்தான் திருத்தினேன். அதன் பிறகு கரண்ட் வந்ததும் ஒரு விலாசத்தை அழுத்தினால் போதும்.

நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்த அதே 1997 ஜூலையில்தான் அமெரிக்கர்களின் சோஜர்னர் என்ற ஆறு சக்கர வண்டி செவ்வாயில் இறங்கியது. டீக்கடைப் பேப்பரில் படம் பார்த்தது நினைவிருக்கிறது; பத்தரைக் கிலோ எடையுள்ள சின்ன வண்டி. அதன் மூளை 80சி85 என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். 8085இன் மின்சிக்கன வடிவம். அந்த மஞ்சள் அட்டையில் இருந்த அதே ஆணைகள். செவ்வாயின் செம்மண்ணிலும் ஆரணி ஆற்று மணலிலும் ஒரே மாதத்தில் ஒரே குடும்பத்துச் சில்கள் ஓடியிருக்கின்றன. நூலகத்தில் அதைப் படித்த உடனே எழுந்து போய் அண்ணனுக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்தேன்.

சித்தப்பா இப்போது இல்லை. எல்ஈடி பட்டைகள் வந்துவிட்டன. கட்டைவிரல் அளவுச் சில் ஒன்றே நூறு வண்ணம் காட்டுகிறது. அது நல்லதுதான். ஆனால் இன்றைக்கும் என்னிடம் மின்னணுவியல் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் 8085 கிட்டைத்தான் கொடுக்கிறேன். அரை வினாடியை அவர்களே எண்ணிச் செய்து பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஆய்வகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் 8085 கிட்களை எடைக்குப் போடாதீர்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஆர்வமுள்ள ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். அதன் கையில் கொடுங்கள். 5 வோல்ட் சப்ளையையும் சேர்த்துக் கொடுங்கள். ஆணைக்குறி அட்டையை மறந்துவிடாதீர்கள்; அது இல்லாமல் அந்தக் கிட்டோடு பேச முடியாது.